இருபத்தாறாம் பல்

மூன்று வருடம் படித்ததற்குச் சாட்சி சொல்ல
ஒரு வாய் வேண்டும்.
விதி அப்படி. நிபுணர் தேர்வுக்கு
நோயாளியை நாமேதான் கூட்டிவர வேண்டும்,
ஹால் டிக்கெட் மாதிரி, முகக்கவசம் மாதிரி.
மேல்தாடை, இடதுபக்கம், முதல் கடைவாய்ப்பல்,
நரம்பு செத்துக்கொண்டிருக்கும் பக்குவத்தில்.
வேர் முழுசாக. ஆள் பொறுமையாக.

சங்கவி ஒரு மாதம் முன்பே பிடித்துவைத்திருந்தாள்,
விடுதிச் சமையல்காரரின் மைத்துனரை.
தினம் போன் செய்வாள்:
"வேற எங்கயும் பிடுங்கிடாதீங்கண்ணா."

எனக்குக் கிடைத்தவர் திம்மராயன்.
ராயக்கோட்டை மண்டியில் தக்காளி லோடு ஏற்றுகிறவர்.
ஒரு கை பெட்டியிலும் ஒரு கை கன்னத்திலுமாக
நாலு ராத்திரி ஓட்டியிருக்கிறார்.
அவருடைய எக்ஸ்ரேயைப் பார்த்து
எனக்கு வந்த சந்தோஷத்தை
வெளியே சொல்ல முடியாது.

தேர்வு ஒன்பது மணிக்கு.
எட்டு நாற்பதுக்கு அழைத்தார்.
"மேடம், பெட்டி எழுநூறு போகுது. மூணு லாரி நிக்குது."
கிருஷ்ணகிரி பஸ் ஸ்டாண்டிலிருந்து கல்லூரி வாசல் வரை
எத்தனை வாய்கள், வடை தின்றுகொண்டு, திட்டிக்கொண்டு,
டோல்கேட்டுக்குச் சில்லறை கேட்டுக்கொண்டு.
ஒன்றும் எனக்கில்லை.
உள்ளே ஆறு நாற்காலி. ஐந்தில் ஆள் சாய்ந்தாயிற்று.

ஒன்பதரைக்குப் பால் வேனில் தொற்றி வந்து இறங்கினார்,
சட்டைக் கையில் தக்காளி விதை காய்ந்திருக்க.
"வலி இருக்கா?" என்றேன், அவசரமாக.
"வழியெல்லாம் வேண்டிக்கிட்டே வந்தேன்,
நின்னுடக் கூடாதுன்னு.
நின்னா உங்களுக்கு மார்க் போயிடுமாமே."

வெளித் தேர்வாளர் மங்களூர்க்காரர்.
விளக்கை இழுத்துப் பிடித்துப் பார்த்துவிட்டு,
"புகையிலையா?" என்றார், பற்களின் காவியைக் காட்டி.
இல்லை சார், தண்ணீர்.
எண்ணூறு அடி போர்வெல்.
அவர் நம்பவில்லை என்று தோன்றியது.
கவசத்தை இறக்கி
என் முன்பற்களையும் காட்டினேன்.
எனக்குப் பாலக்கோடு.
அதே கோடு, அதே பழுப்பு.
மதிப்பெண் தாளில் அதற்குக் கட்டம் இல்லை.

"எத்தனை கால்வாய்?"
மூன்று என்று சொல்லத்தான் வாயெடுத்தேன்.
மூன்றோடு நிறுத்தினாலும் பல்லை அடைத்துவிடலாம்,
ஆள் கும்பிட்டுவிட்டுப் போவார்,
ஆறு மாதம் கழித்து ஒரு நடுராத்திரி வீங்கும்.
உருப்பெருக்கியைச் சரிசெய்து குனிந்தேன்.
பல்லின் தரையில் ஒரு புள்ளி,
மூக்குத்தி ஓட்டையில் பாதிகூட இல்லை.
எட்டாம் எண் ஊசியை வைத்தேன். வழுக்கியது.
மறுபடி வைத்தேன்.
சிக்கியது.

"நான்கு, சார்."

ரப்பர் திரைக்கு அடியில் பேச்சற்றுக் கிடந்த திம்மராயன்
நாலு விரலைத் தூக்கிக் காட்டினார்,
ஏலத்தில் கேட்பதுபோல.

பட்டம் வந்தது.
சென்னைக்குப் போய்ப் பணம் கட்டி
கவுன்சில் பதிவேட்டில் பெயருக்குப் பின்னால்
மூன்று எழுத்தை ஏற்றிக்கொண்டேன்.
வேர் சிகிச்சை நிபுணர். முத்திரை, கையெழுத்து, ரசீது.
ஆறு காப்பி ஜெராக்ஸ்.
எந்தக் காப்பியிலும் ராயக்கோட்டை இல்லை.

அந்தப் பல்லுக்கு மேலே தொப்பி போடவேண்டும்,
இல்லாவிட்டால் ஒருநாள் இரண்டாகப் பிளக்கும்.
மாதம் ஒருமுறை கூப்பிடுகிறேன். காசு வேண்டாம், வாங்க.
"விலை இருக்கறப்ப எப்படி மேடம் வர்றது?"
விலை விழுந்து தக்காளியை ரோட்டில் கொட்டிய மாதம்
"பஸ்ஸுக்கே இல்ல மேடம்."

நேற்று அவரே அழைத்தார்.
"செத்த பல்லுன்னு சொன்னீங்களே,
அதுல இன்னிக்குக் கரும்பு கடிச்சேன்."
பின்னால் லாரி ஹாரன்.
அப்புறம் என்ன ஆச்சு என்று நான் கேட்பதற்குள்
லைன் போய்விட்டது.